சின்ன எஞ்சினா, பெரிய எஞ்சினா?

(இளைஞர்களும் மோட்டார் சைக்கிள்களும் என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், பட்டறை உரிமையாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



எனக்கு முன் பேசிய தம்பி நன்றாகப் பேசினார். பெரிய மோட்டாரில் பிரேக் நன்றாக இருக்கும், டயர் அகலமாக இருக்கும், விளக்கு வெளிச்சமாக இருக்கும், ஆகவே பெரியதே பாதுகாப்பு என்றார். கைதட்டலும் வாங்கினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட சில கணக்குகள் உண்டு. பட்டறைக்காரன் என்ற முறையில் அந்தக் கணக்குகளை இங்கே வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுவோம். நான் பேசப் போவது கப்சாய் பற்றி அல்ல. அது வேலைக்குப் போகவும் சந்தைக்குப் போகவும் நாம் எல்லோரும் வைத்திருக்கும் வண்டி. இங்கே கேள்வி ஸ்போர்ட்ஸ் பைக் பற்றியது. குனிந்து உட்கார்ந்து ஓட்டும், முழுக் கவசம் போட்ட வண்டிகள். நம் பிள்ளைகள் 150, 250 வாங்குவதா, 600 வாங்குவதா, நேராக 1000க்குப் போவதா என்பதுதான் விவாதம்.

சிசி என்பது என்ன? எஞ்சினுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதற்கான அளவு, அவ்வளவுதான். அந்த இடத்தை வைத்துக்கொண்டு எவ்வளவு திறன் எடுக்கிறார்கள் என்பது வேறு கணக்கு. கடைக்கு வரும் பிள்ளைகள் பலர் இதைக் குழப்பிக் கொள்கிறார்கள். "600 தானே அண்ணே, 1000 இல்லையே, நடுத்தரம்தானே" என்கிறார்கள். ஏதோ 250க்கு அண்ணன், 1000க்குத் தம்பி என்பது போல.

கணக்கைப் பாருங்கள். யமஹா ஆர்15 வண்டி 155 சிசி. ஏறக்குறைய 19 குதிரைத் திறன், 140 கிலோ எடை. ஆர்25 வண்டி 249 சிசி, இரண்டு சிலிண்டர். ஏறக்குறைய 36 குதிரைத் திறன், 166 கிலோ. ஆர்6 வண்டி 599 சிசி, நான்கு சிலிண்டர். ஏறக்குறைய 118 குதிரைத் திறன், 190 கிலோ. ஆர்25க்கும் ஆர்6க்கும் எடையில் 24 கிலோதான் வித்தியாசம். இரண்டு மூட்டை அரிசி கூட இல்லை. ஆனால் திறனோ மூன்று மடங்குக்கும் மேல். இதில் எங்கே இருக்கிறது நடுத்தரம்?

சரி, 600 அளவில் இருக்கும் வண்டிகள் எல்லாம் ஒன்றா? அதுவும் இல்லை. கவாசாக்கி நிஞ்சா 650 என்று ஒரு வண்டி. 649 சிசி, இரண்டு சிலிண்டர். சிசி கணக்கில் ஆர்6ஐ விடப் பெரியது. திறனோ 68 குதிரைத் திறன் அளவுதான். அது சாலைக்காகச் செய்த வண்டி. கை நேராக இருக்கும், முதுகு வலிக்காது, கைப்பிடியை முறுக்கினால் கீழிருந்தே சீராக இழுக்கும். ஆர்6 அப்படி அல்ல. அது பந்தயத் திடலுக்காகச் செய்து, பிறகு விளக்கு வைத்துச் சாலைக்கு அனுப்பிய வண்டி. ஏழாயிரம், எட்டாயிரம் சுற்று வரைக்கும் பசு மாதிரி இருக்கும். புதிதாக ஓட்டுகிறவர், "இவ்வளவுதானா, நான் சமாளிப்பேன்" என்று நினைப்பார். பத்தாயிரத்தைத் தாண்டியதும் அது வேறு பிறவி எடுக்கும். அதன் உச்சத் திறன் கிடைப்பது 14,500 சுற்றில். அந்த மாற்றம் வளைவின் நடுவில் வந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. உலு யாம் சாலையிலும் பழைய பெந்தோங் சாலையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

1000 சிசி வண்டியைப் பற்றி ஓர் உண்மையைச் சொன்னால் சிலர் ஆச்சரியப்படுவார்கள். சாதாரண வேகத்தில் ஓட்டுவதற்கு 600ஐ விட 1000தான் சுலபம். கியரை மாற்றிக் கொண்டே இருக்க வேண்டாம். எந்தச் சுற்றிலும் இழுவை இருக்கும். புதிய 1000 சிசி வண்டிகளில் சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் மின்னணுச் சாதனங்களும் உண்டு. அந்தச் சுலபம்தான் ஆபத்தும். கவாசாக்கி இசட்எக்ஸ்-10ஆர் ஏறக்குறைய 200 குதிரைத் திறன். 600இல் தப்பு செய்ய வேண்டுமானால் கொஞ்சம் முயற்சி எடுக்க வேண்டும், எஞ்சினைச் சுற்றில் ஏற்ற வேண்டும். 1000இல் சாலையில் ஒரு பள்ளம் வந்து மணிக்கட்டு ஆடினாலே போதும்.

இன்னொரு கணக்கு. நம் நாட்டு நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். ஆர்6 முதல் கியரிலேயே 100ஐத் தாண்டும். அதாவது ஆறு கியர் உள்ள வண்டியில் இரண்டாவது கியரைத் தொடும்போதே சட்டத்தின் எல்லை வந்துவிடுகிறது. மீதி நான்கு கியருக்கு எதற்குக் காசு கொடுக்கிறோம்? ஆர்25இல் அதே 110க்குப் போக நீங்கள் ஓட்ட வேண்டும், கியர் போட வேண்டும், எஞ்சின் பாட வேண்டும். "மெதுவான வண்டியை வேகமாக ஓட்டுவதில் இருக்கும் சுகம் வேகமான வண்டியை மெதுவாக ஓட்டுவதில் இல்லை" என்று வண்டிக்காரர்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு. ஆர்எக்ஸ்இசட், என்எஸ்ஆர் காலத்து ஆட்கள் இங்கே இருந்தால் தலையாட்டுவார்கள். ஆர்எக்ஸ்இசட் 133 சிசிதான். அதை ஓட்டிப் பழகியவர்களுக்குக் கிளட்சும் கியரும் என்னவென்று தெரியும்.

பந்தய உலகத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். ஹஃபிஸ் ஷாரின் 2018இல் மோட்டோஜிபி பந்தயத்தில் முழுப் பருவமும் ஓட்டிய முதல் மலேசியர். அவர் வந்த வழி எது? கப் பிரிக்ஸ். நம் கப்சாய் வண்டிகளின் பந்தயம். கைருல் இடாம் பாவி 2016இல் அர்ஜெண்டினாவில் மோட்டோ3 பந்தயத்தை வென்றார். மோட்டோ3 வண்டி 250 சிசி, ஒரே சிலிண்டர். உலகத் தரத்தில் ஓட்டுகிறவர்களே 250இல் தொடங்கித்தான் படியேறுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை பி எழுத்து ஒட்டிய கையோடு 600இல் தொடங்க வேண்டும் என்கிறார்.

சட்டமும் படிப்படியாகத்தான் வைத்திருக்கிறது. பி2 உரிமம் 250 சிசி வரைக்கும்தான். அதற்கு மேல் போக உரிமத்தை உயர்த்த வேண்டும். 500ஐத் தாண்டினால் முழு பி உரிமம் வேண்டும். பி2 வைத்துக்கொண்டு 600 ஓட்டிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் அபராதம் என்பது ஒரு பக்கம். விபத்து நடந்தால், உரிமம் இல்லாத வகை வண்டியை ஓட்டினார் என்று காப்புறுதி நிறுவனம் கையை விரிக்க இடம் இருக்கிறது. அப்போது எதிர்த் தரப்பின் வண்டிச் செலவு, வழக்குச் செலவு எல்லாம் குடும்பத்தின் தலையில்.

இப்போது பணக் கணக்குக்கு வருகிறேன். பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சாலை வரியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. 150 சிசி வரை வரி என்று பெரிதாக எதுவும் இல்லை. 200க்கு மேல் 250 வரை ஆண்டுக்கு 50 வெள்ளி. 500 வரை 100 வெள்ளி. 800 வரை 250 வெள்ளி. அதற்கு மேல் 350 வெள்ளி. "வருஷத்துக்கு 250 வெள்ளிதானே" என்று பிள்ளை சொல்வார். உண்மையான செலவு வரியில் இல்லை, டயரில் இருக்கிறது. 600 சிசி வண்டியின் பின் டயர் 180 மில்லிமீட்டர் அகலம். நல்ல ரகத்தில் ஒரு ஜோடி வாங்கினால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். ஒட்டும் தன்மைக்காக ரப்பரை மென்மையாகச் செய்திருப்பார்கள். பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடினாலே பெரிது. அதற்குப் பிறகு சங்கிலி, பல்சக்கரம், முன்பக்கம் இரண்டு டிஸ்க்குக்கும் பிரேக் கட்டை, எஞ்சின் எண்ணெய். வண்டி ஒரு முறை நின்ற இடத்தில் சாய்ந்து விழுந்தால் கவசமும் கண்ணாடியும் கைப்பிடியும் போய்விடும். சாய்வதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை. ஆர்6 இருக்கை 850 மில்லிமீட்டர் உயரம். ஆர்25 இருக்கை 780. நம் ஆட்களின் சராசரி உயரத்துக்கு அந்த ஏழு சென்டிமீட்டர் பெரிய விஷயம். எண்ணெய் நிலையத்தில் கால் எட்டாமல் வண்டியைச் சாய்த்தவர்கள் என் பட்டறைக்கு மாதம் தவறாமல் வருகிறார்கள். (உயரம் குறைந்தவர்கள் ஆர்15 வாங்கினால் போதும் என்று நினைக்க வேண்டாம். அதன் இருக்கை 815. உட்கார்ந்து பார்க்காமல் எந்த வண்டியையும் வாங்காதீர்கள்.)

ஒரு தம்பியின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். கிள்ளானில் வீடு, ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. கூடுதல் நேர வேலையெல்லாம் சேர்த்து மாதம் 2,300 வெள்ளி கையில் வரும். ஒருநாள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். 35,000 வெள்ளிக்கு ஒரு பழைய 600 பார்த்து வைத்திருந்தார். 2010க்கு முந்தைய வண்டி. நான் அதைப் பரிசோதித்துச் சொல்ல வேண்டும் என்பது அவர் விருப்பம். வண்டியை விட்டுவிட்டுக் கணக்கைக் கேட்டேன். 5,000 முன்பணம் கட்டி, 30,000க்குக் கடன். ஐந்து ஆண்டுக்கு மாதம் 625 வெள்ளி. ஜாமீன் யார் என்று கேட்டேன். அந்த அம்மா கையைத் தூக்கினார். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்பவர். பிள்ளை ஆசைப்படுகிறான், கையெழுத்துதானே என்றார்.

அந்தத் தாயிடம் நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஜாமீன் கையெழுத்து என்பது சாட்சிக் கையெழுத்து அல்ல. பிள்ளை கட்டவில்லை என்றால் நீங்கள் கட்ட வேண்டும் என்று ஒப்புக்கொள்கிற கையெழுத்து. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, 21 நாள் கழித்து வண்டியைத் தூக்கிச் செல்லலாம். தூக்கிய வண்டியை ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வந்த தொகை கடனுக்குப் போதவில்லை என்றால் மீதியையும் கேட்பார்கள். வண்டியும் போய், கடன் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் அந்தத் தம்பிக்குத் தெரியவில்லை. அவர் பார்த்த வயது வண்டியில் ஏபிஎஸ் இல்லை. ஆர்6இல் ஏபிஎஸ்ஸும் சக்கரம் வழுக்காத கட்டுப்பாடும் வந்தது 2017இல்தான். எனக்கு முன் பேசிய நண்பர் பெரிய வண்டியில் பிரேக் நல்லது என்றாரே, அது புதிய வண்டிக்குப் பொருந்தும். நம் பிள்ளைகளின் சம்பளத்துக்கு எட்டும் பெரிய வண்டி புதிய வண்டி அல்ல. பத்துப் பதினைந்து வயதான வண்டி. மழையில் முன் பிரேக்கைப் பயந்து அழுத்தினால் சக்கரம் பூட்டிக் கொள்ளும் வண்டி. அதே காசுக்கும் குறைவாக, ஏபிஎஸ் பொருத்திய புதிய 250 கிடைக்கும்போது, பாதுகாப்பு என்ற வாதம் எந்தப் பக்கம் சாய்கிறது?

அதைவிட மோசமானது 'சம்போங் பாயார்'. வேறு ஒருவர் கடனில் வாங்கிய வண்டியை, பெயர் மாற்றாமல், மீதித் தவணையை நாம் கட்டுவதாக வாய்ப்பேச்சில் எடுத்துக்கொள்வது. இளைஞர்கள் பெரிய வண்டிக்கு இந்த வழியில்தான் போகிறார்கள், கடன் ஒப்புதல் கிடைக்காததால். வண்டி உங்கள் பெயரில் இல்லை. முதல் ஆள் எப்போது வேண்டுமானாலும் தொலைந்ததாகப் புகார் கொடுக்கலாம். நீங்கள் கட்டிய பணத்துக்கு ரசீது அவர் பெயரில். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நேர்மையாகவும் பேச வேண்டும். 2023இல் நம் நாட்டுச் சாலைகளில் 6,443 பேர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். சாலையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை சின்ன வண்டிகள். ஆகவே சின்ன எஞ்சின் வாங்கினால் உயிர் பத்திரம் என்று நான் சொன்னால் அது பொய். 150 சிசி வண்டியும் 120க்கு மேல் போகும்; லாரியின் பின்னால் மோதினால் சிசி எதையும் காப்பாற்றாது.

வேறுபாடு வேறு இடத்தில் இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும் தூரம் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. 60இல் ஒரு தூரத்தில் நிற்கும் வண்டி, 110இல் நிற்க பிரேக் பிடித்த பிறகு மூன்று மடங்குக்கும் மேல் தூரம் எடுக்கும். அதுவும், கண் பார்த்து கை அழுத்துவதற்கு ஒரு விநாடி ஆனால், அந்த ஒரு விநாடியில் 30 மீட்டர் ஓடியிருக்கும். 250 வண்டி 60இலிருந்து 110க்குப் போகும் நேரத்தில், ஓட்டுகிறவருக்கு யோசிக்கச் சில விநாடி கிடைக்கிறது. முன்னால் வரும் கார் திரும்பப் போகிறதா, சந்தியில் பெண்மணி பார்க்கிறாரா, சாலையில் மணல் இருக்கிறதா என்று பார்க்க நேரம் இருக்கிறது. பெரிய வண்டி அந்தச் சில விநாடிகளைத்தான் பிடுங்கிக் கொள்கிறது. பழகிய ஆளுக்கு அது பரவாயில்லை. அவர் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பார். பழகாதவருக்கு அந்த விநாடிகள்தான் உயிர்.

கிள்ளானிலிருந்து ஷா ஆலாமுக்கு அந்தத் தம்பி தினமும் போவது கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதையில். தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது குறுகலான பாதை. பாலத்துக்கு அடியில் வளைந்து வளைந்து போகும், மழைக்குத் தண்ணீர் தேங்கும், எதிரே வெளிச்சம் இருக்காது. அங்கே 118 குதிரைக்கு என்ன வேலை? நெரிசலில் நின்றால் பெரிய எஞ்சினின் சூடு தொடையைச் சுடும். மத்தியானம் நகரத்தின் சாலை விளக்கில் நின்று பாருங்கள். ஆசை பாதி அங்கேயே ஆவியாகிவிடும்.

பெரிய வண்டிக்கு நான் எதிரி அல்ல. என் வருமானத்தில் பாதி அவர்களிடமிருந்துதான் வருகிறது, எதிரியாக முடியுமா? கோலாலம்பூரிலிருந்து ஹட்யாய் வரை போகிறவருக்கும், குவா மூசாங் போன்ற இருவழிச் சாலையில் பால்ம் எண்ணெய் லாரிகளை முந்த வேண்டியவருக்கும் பெரிய எஞ்சின் நிஜமான உதவி. முந்தும் நேரம் குறைகிறது, எதிரே வருபவரின் பாதையில் நாம் இருக்கும் நேரம் குறைகிறது. நான்கு மணி நேரம் 110இல் ஓடும்போது 250 எஞ்சின் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சுற்றில் கத்திக்கொண்டே இருக்கும். 1000 எஞ்சின் தூங்கிக்கொண்டு போகும். அப்படி ஓட்டுகிறவர்களுக்கும் நான் ஸ்போர்ட்ஸ் பைக்கை விட நிஞ்சா 650 மாதிரி நிமிர்ந்து உட்காரும் வண்டியைத்தான் சொல்வேன். முழுப் பந்தய வண்டியில் ஈப்போ தாண்டுவதற்குள் மணிக்கட்டு கெஞ்சும்.

பிள்ளைகளை மட்டும் சொன்னால் நியாயமாகாது. அப்பாக்களையும் சொல்ல வேண்டும். இளமையில் ஆர்எக்ஸ்இசட் ஓட்டி, கல்யாணம் ஆகி, இருபது ஆண்டு கார் மட்டும் ஓட்டி, பிள்ளைகள் படித்து முடித்ததும் 1000 சிசி வாங்கும் நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். கையில் பணம் இருக்கிறது, பழைய நினைவும் இருக்கிறது. கண்ணும் கையும் இருபது ஆண்டு முந்தையவை அல்ல. மகனுக்கு 250 போதும் என்று இந்த அரங்கில் கைதட்டிய அப்பாக்கள், தங்களுக்கும் அதையே ஓராண்டு ஓட்டிப் பார்க்கட்டும். விற்கும்போது 250 வண்டிக்கு வாங்க ஆள் எப்போதும் உண்டு. நஷ்டம் அதிகம் இருக்காது.

எப்போது பெரிய வண்டிக்குப் போகலாம் என்று நெறியாளர் கேட்டார். ஆண்டுக் கணக்கை நான் நம்புவதில்லை. பி காலம் இரண்டு ஆண்டு முடியட்டும், அது குறைந்தபட்சம். அதன் பிறகு என் பட்டறையில் நான் டயரைப் பார்ப்பேன். நடுவில் மட்டும் தேய்ந்து ஓரம் புதிதாக இருந்தால், இவர் நேர்ச் சாலையில் முறுக்குகிறார், வளைவில் பயப்படுகிறார் என்று அர்த்தம். அவருக்கு இன்னும் பெரிய எஞ்சின் கொடுத்தால் நேர்ச் சாலையில் இன்னும் வேகமாகப் போய், அதே பயத்தோடு வளைவுக்கு வருவார். பிரேக் கட்டை முன்னால் தேயாமல் பின்னால் மட்டும் தேய்ந்திருந்தால் முன் பிரேக்கைப் பிடிக்கத் தெரியவில்லை. வேகத்தைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது முன் பிரேக்தான். இந்த இரண்டும் சரியாக இருந்தால், வண்டி அவருக்குச் சின்னதாகிவிட்டது என்று நானே சொல்வேன். வசதி இருந்தால் செப்பாங் திடலில் ஒரு பயிற்சி நாள் போய் வாருங்கள். 5.543 கிலோமீட்டர் சுற்று, எதிரே வாகனம் இல்லை, பூசணிக்காய் லாரி இல்லை. அங்கே 250இல் ஒரு நாள் ஓட்டினால், சாலையில் மூன்று ஆண்டு ஓட்டினாலும் தெரியாதது தெரியும்.

அந்தத் தம்பி என்ன செய்தார் என்று கேட்பீர்கள். அன்றைக்கு என் மேல் கோபத்தோடுதான் போனார். இரண்டு வாரம் கழித்து அம்மா மட்டும் வந்தார். 12,000 வெள்ளி அளவில் 155 சிசி வண்டி ஒன்று எடுக்கிறானாம், முன்பணம் கட்டியது போக மீதத்தில் நல்ல தலைக்கவசமும் கையுறையும் வாங்கலாமா என்று கேட்டார். வாங்குங்கள், தலைக்கவசத்தில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், ஜாக்கெட்டுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள் என்றேன். ஜாமீன் கையெழுத்து இந்த முறையும் அவர்தான் போட்டார். ஆனால் மாதம் 200 சொச்சம்தான், பிள்ளை தவறினாலும் என் சம்பளத்தில் கட்டிவிடுவேன் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

தம்பி இப்போது எண்ணெய் மாற்ற மூவாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை வருகிறார். வரும்போதெல்லாம் பக்கத்தில் நிற்கும் 600ஐச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். போன மாதம் அவருடைய டயரைக் கழற்றினேன். ஓரம் வரைக்கும் சீராகத் தேய்ந்திருந்தது. முழு பி உரிமத்துக்கு எப்போது பதியலாம் அண்ணே என்று கேட்டார். சேமிப்பில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

நெறியாளர் மணி அடித்துவிட்டார்.